பத்தரை மணி டார்ச் வெளிச்சம்

மே மாதக் கடைசியில் எங்கள் மிஸ் காலமானார். சேலம் அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 81. செய்தி வந்தபோது நான் ஹாஸ்டல் சமையல்கட்டில் பால்காரரோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, தலை நரைத்துவிட்டது. பாதிப் பேரை முகம் பார்த்து அடையாளம் தெரியவில்லை. பேரைச் சொல்லாமல் எந்த ரூம், எந்தக் கட்டில் என்று சொல்லித்தான் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்தோம்.

அவர் ஏற்காட்டில் நாங்கள் படித்த போர்டிங் பள்ளியில் ஜாகரபி டீச்சர். எங்கள் ஹவுஸ் மாஸ்டரின் (நாங்கள் தங்கியிருந்த விடுதிப் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஆசிரியரின்) மனைவியும்கூட. டீச்சர் வேலைக்குச் சம்பளம் உண்டு. ஹவுஸ் மாஸ்டரின் மனைவியாக அவர் பார்த்த வேலைக்கு ஒரு பைசா கிடையாது. நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சம்பளமில்லாத வேலையைப் பற்றித்தான். 19 வருஷமாக நானும் சேலத்தில் ஒரு பையன்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் அவரிடம் பார்த்துக் கற்றது. பிள்ளையை விடுதியில் விடப்போகிற பெற்றோருக்கும், விடுதியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

1984 ஜூன் மாதம், எனக்குப் பத்து வயது. ஆத்தூரில் அப்பாவுக்குக் குச்சிக்கிழங்கு வியாபாரம். ஜவ்வரிசி ஆலைகளுக்கு லோடு அனுப்புவார். பையன் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சேலம் வந்து ஏற்காடு பஸ் ஏறினோம். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு ஆரம்பமாகும், மொத்தம் 20. எட்டாவது வளைவிலேயே நான் வாந்தி எடுத்துவிட்டேன். மேலே போனால் ஜூன் மாதத்திலும் குளிர். சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா கிளம்பும்போது, "பத்து நாள்ல வந்து பாக்கறேன்டா" என்றார். அழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். அவர் வந்தது காலாண்டுப் பரீட்சை லீவுக்கு. அந்தப் பத்து நாளையும் நான் விரல் விட்டு எண்ணினேன். பதினோராவது நாள் எனக்கு ஜுரம் வந்தது. அப்பா மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு ஜூனிலும் வாசலில் நிற்கிற அப்பா அம்மாக்களிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்: வரமுடியாத தேதியைச் சொல்லாதீர்கள். வரும் தேதி தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "லீவு விட்டதும் வருவேன்" என்று சொல்லுங்கள். "பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடறேன்" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது. அதைக் கேட்ட பிள்ளை, பிடிக்காமல் போக என்ன காரணம் என்று தேடிக்கொண்டே இருக்கும்.

அன்று இருட்டுகிற நேரம். பெரிய பையன்கள் மைதானத்தில் இருந்தார்கள். புதிதாக வந்த நாங்கள் ஏழு பேர் வராந்தாவில் ஆளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வராந்தாவின் கடைசியில் ஹவுஸ் மாஸ்டர் குவார்ட்டர்ஸ். அங்கிருந்து ஒரு அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். கையில் ஒரு முறம், முறம் நிறையச் சின்ன வெங்காயம். கீழே வைத்துவிட்டு, "யாருக்கு வெங்காயம் உரிக்கத் தெரியும்?" என்றார். யாருக்கும் தெரியாது. அவரும் தரையில் உட்கார்ந்து, வெங்காயத்தின் அடியைக் கிள்ளி, ஒரே இழுப்பில் தோல் எப்படி வருகிறது என்று காட்டினார். ஐந்து நிமிஷத்தில் ஏழு பேரும் அழுதுகொண்டிருந்தோம். எது வெங்காயக் கண்ணீர், எது வீட்டுக் கண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தரும் ஒருத்தரைக் கேலி செய்ய முடியாது. அவர் ஒருத்தரையும் "ஏன் அழறே?" என்று கேட்கவே இல்லை. எந்த ஊர், வீட்டில் என்ன மாடு, ஆத்தா என்ன குழம்பு வைக்கும் என்று கேட்டபடியே உரித்தார். அன்று ராத்திரி சாம்பாரில் நாங்கள் உரித்த வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது.

ரொம்ப வருஷம் கழித்து அதை அவரிடமே கேட்டேன். "அழற பையன் கையில அழறதுக்கு ஒரு சாக்கு இருக்கணும் கண்ணு. இல்லாட்டி அடக்கி அடக்கி வயித்து வலியாக்கிக்குவான்" என்றார்.

விடுதியில் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் பகலில் அவ்வளவாக வராது. விளக்கு வைக்கிற நேரத்திலும், படுக்கப்போகிற நேரத்திலும்தான் வரும். அந்த நேரத்தை வெறுமனே விடக்கூடாது. நான் புதுப் பையன்களுக்கு முதல் வாரம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை கைவேலை கொடுக்கிறேன். தட்டு துடைப்பது, தேங்காய் துருவுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவாக இருந்தாலும் சரி. படிக்கச் சொல்வதில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தை மறைத்துக்கொண்டு கண்ணீர்தான் வரும்.

அவருடைய ஜாகரபி வகுப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதி வகுப்பு அவர் வீட்டுச் சமையல்கட்டில்தான் நடந்தது. ஒரு நாள் பள்ளி லேபிலிருந்து தெர்மாமீட்டர் வாங்கி வந்து, கொதிக்கிற தண்ணீரில் வைத்து எங்களைப் படிக்கச் சொன்னார். பாதரசம் 95-இல் நின்றுவிட்டது. கண்ணாடி உடைந்துவிட்டதோ என்று பயந்தோம். "மலை மேல காத்தோட அழுத்தம் குறைவு. 300 மீட்டர் ஏற ஏற ஒரு டிகிரி குறைஞ்சுகிட்டே வரும். நாம 1500 மீட்டர்ல இருக்கோம், கணக்குப் போடுங்க" என்றார். அதனால்தான் துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேகாமல் முரண்டு பிடிக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. சேலத்தில் வெயில் 36 டிகிரி என்றால் இங்கே ஏன் 28 என்பதையும் அப்படித்தான் படித்தோம்.

குவார்ட்டர்ஸ் பின்னால் ஒரு பெரிய கருங்கல் பாறை உண்டு. புதிதாக உடைந்த இடத்தில் நீலமும் கறுப்புமாக எண்ணெய் தடவினாற்போல் மின்னும். அதற்குப் பேர் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இந்த வகைக் கல்லில் செய்தது. 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதை வைத்துப் பேர் சூட்டினார். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை பெரும்பாலும் இந்தக் கல்தான், வயது சுமார் 250 கோடி வருஷம். வீட்டு ஞாபகத்தில் துவண்டுபோன பையனை மிஸ் அந்தப் பாறை மேல் உட்கார வைத்துவிட்டு இதைச் சொல்வார். அதைக் கேட்டால் ஆறுதலாக இருக்குமா என்று பெரியவர்களுக்குச் சந்தேகம் வரலாம். பத்து வயதில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. 250 கோடி வருஷம் அசையாமல் இருந்த ஒன்று நாளைக்கும் இருக்கும் என்று தோன்றியது.

இப்போது சொல்வதற்குக் கஷ்டமானதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் நான் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இல்லாத பழக்கம், இங்கே வந்த மூன்றாவது வாரம் ஆரம்பித்தது. பள்ளியில் அப்போது ஒருவர் இருந்தார், பேர் வேண்டாம். காலையில் நனைந்த பெட்ஷீட்டை என் தலையில் போட்டு, பிரேயர் மணி அடிக்கும்வரை வராந்தாவில் நிற்க வைத்தார். எல்லா ஹவுஸ் பையன்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். மூன்றாவது நாள் மிஸ் பார்த்துவிட்டார். ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை. வந்து பெட்ஷீட்டை என் தலையிலிருந்து எடுத்தார். அதை நாலாக மடித்து, கோவில் பட்டுப்புடவையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "வா சாமி" என்று மட்டும் சொன்னார். நான் பின்னாலேயே போனேன். அவர் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் விளாவி வைத்திருந்தது. அன்று அந்த மனிதரிடம் மிஸ் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் எங்கள் ஹவுஸில் ஒரு பையனும் பெட்ஷீட்டோடு நிற்கவில்லை.

குளித்து முடித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தினமும் வயித்துக்குப் போறியா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். கக்கூஸ் வரிசை கட்டிடத்துக்கு வெளியே, இருட்டில், ஐஸ் மாதிரி தண்ணீர். கதவுக்குத் தாழ்ப்பாளும் சரியில்லை. நான் நாலு நாளைக்கு ஒரு தரம் போய்க்கொண்டிருந்தேன். அவர் உடனே ஏற்பாடு செய்தார். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கக்கூஸ், ஒரு டம்ளர் வெந்நீர், ராத்திரி சாப்பாட்டோடு மலைவாழைப்பழம் இரண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குறைவு, பகலில் நிறைய. பத்தரை மணிக்கு ஹவுஸ் மாஸ்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கூடவே மிஸ்ஸும் வருவார். டார்ச்சைத் தரையில் அடித்து, வெளிச்சம் என் முகத்தில் படாமல், தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிப்போவார். பக்கத்துக் கட்டில் பையனுக்குக்கூடத் தெரியாது. மெத்தைக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டது எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அரையாண்டுப் பரீட்சைக்குள் எல்லாம் நின்றுபோயிற்று.

மலச்சிக்கல் இருந்தால் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், படுக்கை நனைவதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்று குழந்தை மருத்துவர் ஒருவர் எனக்குப் பின்னாளில் விளக்கினார். ராத்திரி எழுப்பிவிடுவதால் மட்டும் அது குணமாகாது என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் படுக்கை காய்ந்திருக்கும், பையன் காலையில் தலை நிமிர்ந்து எழுவான். விடுதிக்காரர்கள் இரண்டு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று படுக்கையை நனைப்பதில்லை. அதுவரை நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தால் டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். எங்கள் விடுதியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படி ஆரம்பித்தான். தண்ணீர் தாகம் அதிகம், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. அன்றைக்கே கூட்டிப்போனேன். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம், இன்சுலின் போட வேண்டிய வகை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் மயக்கத்தில் போயிருப்பான் என்றார் டாக்டர். அவன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான். மிஸ்ஸிடம் போய் இதைச் சொன்னபோது அவர் என் தலையில் கை வைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சிரங்கு வந்த கதையும் உண்டு. 1986, பொங்கல் லீவு முடிந்து வந்ததும் இரண்டு பையன்களுக்கு விரலிடுக்கில் அரிப்பு. ஒரு வாரத்தில் பத்துப் பேர். வேறு இடமாக இருந்தால் அந்த இரண்டு பேரை ஒதுக்கி வைத்திருப்பார்கள். மிஸ் 32 பையன்களையும் ஒரே சாயங்காலம் வரிசையில் நிற்க வைத்தார். வெள்ளை லோஷன், பென்சைல் பென்சோயேட். கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல் தடவ வேண்டும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். புண்ணில் பட்டால் நெருப்பு மாதிரி எரியும். வரிசையில் முதலில் நின்றவர் ஹவுஸ் மாஸ்டர். அடுத்து அவர்களுடைய மகனும் மகளும். அதைப் பார்த்த பிறகு எந்தப் பையன் மாட்டேன் என்பான்? வெளியே விறகடுப்பில் பெரிய அண்டா வைத்துத் துணியெல்லாம் வேகவைத்தார்கள். மலையில் மூடுபனி, வெயிலை நம்ப முடியாது. அதனால் உலர்ந்தும் உலராமலும் இருந்த பெட்ஷீட்டுகளைக் கரி இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ராத்திரி ஒரு மணிவரை தேய்த்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எல்லாருக்கும் லோஷன். அத்தோடு சிரங்கு போயிற்று.

இப்போது பெர்மெத்ரின் க்ரீம் வந்துவிட்டது, எரிச்சல் குறைவு. முறை மட்டும் மாறவில்லை. அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நாளில் போட வேண்டும், அதே நாளில் துணி படுக்கை எல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும், ஒரு வாரத்தில் இன்னொரு முறை. துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நாலைந்து நாள் வைத்துவிட்டால் போதும், மனித உடம்பு கிடைக்காமல் பூச்சி செத்துவிடும். ஒருத்தன் ஒருத்தனாக வைத்தியம் பார்க்கிற விடுதியில் சிரங்கு வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடிதம் எழுதுகிற நேரம். கிளாஸில் போர்டில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதச் சொல்வார்கள்: நான் நலம், நீங்கள் நலமா, நன்றாகப் படிக்கிறேன். மிஸ் எங்கள் ஹவுஸ் பையன்களைத் தன் வீட்டு முன்னறையில் உட்கார வைத்து வேறு மாதிரி எழுத வைத்தார். முதல் வரியில் இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று எழுது. இரண்டாவது, இந்த வாரம் கண்ணால் பார்த்தது ஒன்று. மூன்றாவது, வீட்டைப் பற்றி ஒரு கேள்வி. "கேள்வி இல்லாத கடுதாசிக்குப் பதில் சீக்கிரம் வராது" என்பார். காபிச்செடி பூத்திருந்த ஒரு மார்ச் மாதத்தில், மழை பெய்து எட்டுப் பத்து நாளில் எஸ்டேட் முழுக்க வெள்ளை வெளேரென்று, மல்லிகை வாசம் அடித்தது என்று எழுதினேன். நம்ம வீட்டு மல்லிகைக் கொடி பூத்துவிட்டதா என்று கேட்டேன். அதுவரை அப்பா கையால் நாலு வரி வந்துகொண்டிருந்தது. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத எங்கள் அம்மா, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி எழுதவைத்து இன்லண்ட் லெட்டர் முழுக்க நிரப்பி அனுப்பியது. கொடி பூத்தது, பசு கன்று போட்டது, தம்பி பல் விழுந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்று கடிதம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன். அதே மூன்று விஷயத்தைத்தான் பையன்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். "நல்லா இருக்கியா, நல்லாப் படிக்கிறியா" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். "மத்தியானம் என்ன குழம்பு?" என்று கேட்டுப் பாருங்கள். போனை வைத்த பிறகு பிள்ளை கொஞ்சம் அழும். அதற்குப் பயந்து போன் பண்ணாமல் இருக்காதீர்கள். அந்த அழுகை கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மிஸ் வீட்டைப் பற்றி இன்னொன்று. சமையல்கட்டுக் கதவு வராந்தாவைப் பார்த்துத் திறக்கும், பகலெல்லாம் திறந்தே இருக்கும். எந்தப் பையனோடும் அவர் மூடிய கதவுக்குப் பின்னால் பேசியது கிடையாது. அழுகிற பையனைக்கூட எல்லார் கண்ணிலும் படும் திண்ணையில்தான் உட்கார வைப்பார். அப்போது அதன் அருமை எனக்குத் தெரியாது. இன்று என் விடுதியில் வார்டன் உட்பட யாரும் பிள்ளையோடு தனி அறையில் கதவைச் சாத்தக்கூடாது என்பதை விதியாக வைத்திருக்கிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஆபீஸில் ஒட்டினால் பையன்கள் பார்க்க மாட்டார்கள் என்று குளியலறை வழியில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்வதற்கு, தண்டனை கொடுக்கும் அதிகாரம் இல்லாத ஒரு பெரியவர் விடுதிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் ஹவுஸ் மாஸ்டர் கண்டிப்பானவர், நல்லவர். ஆனால் அவரிடம் போய் யாரும் அழ முடியாது. அவருக்கே அது தெரிந்திருந்தது. "போய் மிஸ்ஸப் பாரு" என்று அனுப்பிவிடுவார்.

ஜூலை நடுவில் ஆடி ஒண்ணு வரும். சேலத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்த நாள் தெரியும், தேங்காய் சுடுகிற நாள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். பிள்ளை சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், புதுசு தீர்ந்திருக்கும், அன்றைக்கு வீட்டு ஞாபகம் நெஞ்சை அடைக்கும். மிஸ் பிறந்தது சேலம் அம்மாபேட்டையில், தறிக்காரர் வீட்டில். அவருக்கு இது நன்றாகத் தெரியும். முந்தின நாளே சேலத்திலிருந்து தேங்காய் மூட்டை வந்துவிடும். குடுமியை எடுத்து, நாரெல்லாம் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்குவோம். ஒரு கண்ணைத் துளைத்துக் கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே வெல்லம், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், அவல் எல்லாம் திணிப்போம். கண்ணில் அழிஞ்சிக் குச்சியைச் செருகி, ஓட்டின் மேல் மஞ்சள் பூசினால் தேங்காய் தயார். மலையில் அன்றைக்கு எப்போதும் தூறல்தான். குவார்ட்டர்ஸ் பின்னால் தகரக் கூரைக்கடியில் தீ மூட்டி, 32 பையன்களும் சுற்றி உட்கார்ந்து குச்சியைத் திருப்பித் திருப்பிச் சுடுவோம். ஓடு பட்டென்று வெடித்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். முதல் தேங்காய் பிள்ளையாருக்கு. அப்புறம் கல்லில் தட்டி உடைத்தால் வெல்லப்பாகில் ஊறிய பருப்போடு ஆவி பறக்கும். இந்துப் பையன், முஸ்லிம் பையன், கிறிஸ்தவப் பையன் எல்லார் கையிலும் கரி. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பையன் முதல் வருஷம் தள்ளியே நின்றான். மிஸ் அவனிடம் உங்கள் ஊரில் என்ன பண்டிகை என்று கேட்டு, மறு வருஷம் உகாதிக்கு அவன் சொன்ன கணக்குப்படி வேப்பம்பூப் பச்சடி செய்து எல்லாருக்கும் கொடுத்தார்.

இதையெல்லாம் செய்ததற்கு அவருக்கு என்ன கிடைத்தது? 2002-இல் ஓய்வுபெற்றபோது விழாவில் ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். பேசியவர்கள் எல்லாரும் அவருடைய ஜாகரபி ரிசல்ட்டைப் பற்றிப் பேசினார்கள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ராத்திரி பதினொரு மணிவரை அவர் பார்த்த வேலையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அந்த வேலைக்கு ஒரு பேர்கூட இல்லை. எனக்கு இதில் இன்றும் ஆற்றாமை உண்டு. பெரிய கட்டிடம் கட்டுகிற, கேமரா மாட்டுகிற விடுதிகளைப் பார்க்கிறேன். அறுபது பிள்ளைகளுக்கு ஒரு வார்டன், அவரும் மூன்று மாதத்துக்கு ஒருத்தர் மாறுகிறார். விடுதி நடத்துகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த வேலைக்கு ஒரு ஆளை, நல்ல சம்பளத்தோடு, ஆர்டர் கொடுத்து நியமியுங்கள். பெண்ணாக இருந்தாலும் ஆணாக இருந்தாலும் சரி, குறைந்தது மூன்று வருஷம் இருக்கிறவராக இருக்கட்டும். வீட்டு அம்மாக்கள் சும்மா செய்துகொடுப்பார்கள் என்று இனியும் எதிர்பார்ப்பது நியாயம் கிடையாது.

துக்க வீட்டில் மிஸ்ஸின் மகள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். "சின்ன வயசுல உங்க மேல எனக்கு அவ்வளவு ஆத்திரம் தெரியுமா? எனக்கு ஜுரம் வந்தாலும் அம்மா பத்தரைக்கு டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போயிடும். நான் முழிச்சுக்கிட்டே படுத்திருப்பேன்" என்றார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்து, "இப்ப இல்லப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நாங்கள் வாங்கிக்கொண்டது யாருடைய பங்கு என்று நாற்பது வருஷம் நான் யோசித்ததில்லை. எனக்கும் பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதிச் சாவியை உதவி வார்டனிடம் கொடுத்துவிடுகிறேன்.

கிளம்பும்போது அக்கா ஒன்று கேட்டார். அம்மாவைப் பற்றி ஆளுக்கு ஒரு கடிதம், கையால் எழுதி அனுப்புங்கள், எல்லாவற்றையும் தைத்து வைத்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் பழைய மாணவர் குழுவில் பல பேர் என்ன எழுதுவது, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று நம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே. நான் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்.

"அக்கா, இன்று ஆடி ஒண்ணு. காலையில் இட்லி, மத்தியானம் பூசணிக்காய்க் குழம்பு. சாயங்காலம் விடுதியில் 44 தேங்காய் சுட்டோம். புதுப் பையன் ஒருவன் குச்சியைத் திருப்பாமல் பிடித்திருந்ததில் ஒரு பக்கம் வெல்லம் தீய்ந்துவிட்டது. அழப்போனான், கரிந்த பக்கத்தை நான் வாங்கிக்கொண்டு என்னுடையதைக் கொடுத்தேன். இங்கே மழை இல்லை, வடக்கே மலை மேல் மேகம் இறங்கியிருப்பது மாடியிலிருந்து தெரிகிறது. உங்கள் வீட்டில் இந்த வருஷம் தேங்காய் சுட்டீர்களா?"